டெப்பெட் சத்தம் அடங்கிவிட்டதா? அவசரப்பட்டு மகிழ வேண்டாம்!
காப்சாய் இயந்திரத்தில் வால்வு இடைவெளியும் தீப்பொறி நேரமும்

செமினி – அதிகாலை ஐந்தரை மணிக்கு பண்டார் ரின்சிங் சாலையோரம் நின்று பார்த்தால், வரிசையாகக் கிளம்பும் காப்சாய் மோட்டார்களைக் காணலாம். ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக இருந்த ரின்சிங், இன்று வீடமைப்புப் பகுதி. தோட்டத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் பிள்ளைகள், இன்று காஜாங்கிற்கும் பாங்கிக்கும் மோட்டாரில் வேலைக்குப் போகிறார்கள். பேருந்தை நம்பினால் முதல் ஷிப்ட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது. மோட்டார் ஓடினால்தான் அன்றைய சம்பளம்.

அப்படிப்பட்ட மோட்டார் சிவப்பு விளக்கில் நிற்கும்போது திடீரென்று அணைந்துவிடுகிறது. பின்னால் மணல் லாரி. எத்தனை முறை உதைத்தாலும் உயிர் வரவில்லை. இந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. உடனே கார்புரேட்டரைக் குறை சொல்வோம், பெட்ரோலைக் குறை சொல்வோம், பிளக்கை மாற்றுவோம். ஆனால் பல வேளைகளில் கோளாறு இருப்பது, ஒரு தாளின் தடிமனில் பாதி அளவே உள்ள ஓர் இடைவெளியில்தான்.

அந்த இடைவெளி என்ன, அதை எப்படிச் சரி பார்ப்பது, அதோடு சேர்த்துப் பேசப்படும் 'டைமிங்' என்பது என்ன என்பதை இங்கே பார்ப்போம். சொந்தமாகச் செய்ய விரும்புபவருக்கு மட்டுமல்ல, பட்டறையில் மோட்டாரை விட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்தவரிடம் தேவையில்லாத வேலைக்குக் காசு வாங்க முடியாது.

நம் ஊர் காப்சாய்

ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப் மோட்டார்தான் நம் காப்சாய்களின் மூதாதை. 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்ற பொருள் தரும் சீனச் சொல் சேர்ந்துதான் 'காப்சாய்' ஆனது என்று சொல்வார்கள். உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்து மோட்டார்களின் உற்பத்தி 2017-ஆம் ஆண்டில் 10 கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் பழைய சி70, பிறகு வந்த இஎக்ஸ்5, கெடா மாநிலம் குருணில் தயாரான மொடெனாஸ் கிரிஸ் என்று இந்த வகை மோட்டார்கள் இல்லாத தோட்டமோ தாமானோ கிடையாது.

இவை அனைத்தும் நான்கு வீச்சு இயந்திரங்கள். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை இழுக்கிறது. மேலே ஏறி அதை அழுத்துகிறது. பிளக் பொறி தட்டியதும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலே ஏறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கும் முடிய, கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

கலவை உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு. இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடும். அத்தனை முறையும் அது தன் இருக்கையில் முழுமையாக உட்கார வேண்டும்.

இடைவெளி எதற்கு?

வால்வை நேரடியாகத் தள்ளுவது ராக்கர் என்ற சிறிய நெம்புகோல். அதன் நுனியில் இருக்கும் திருகைத்தான் நாம் டெப்பெட் என்கிறோம். டெப்பெட்டுக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே கொஞ்சம் இடம் விட்டே ஆக வேண்டும். ஏனென்றால், சூடானால் உலோகம் நீளும். இடமே இல்லாவிட்டால், இயந்திரம் சூடேறியதும் நீண்ட தண்டு டெப்பெட்டில் முட்டிக்கொள்ளும். வால்வு முழுமையாக மூடாது.

இஎக்ஸ்5 மோட்டாருக்கு ஹோண்டா சொல்லும் அளவு, இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு இது. நாம் அச்சுக்குப் பயன்படுத்தும் சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? வால்வு தாமதமாகத் திறந்து, சீக்கிரம் மூடும். திறக்கும் அளவும் குறையும். இழுவை கொஞ்சம் குறையும். 'டிக் டிக்' என்று தையல் இயந்திரம்போலச் சத்தம் கேட்கும். காலப்போக்கில் பாகங்கள் தேயும்.

இடைவெளி குறைவாக இருந்தால்? சத்தமே வராது. மோட்டார் அமைதியாக ஓடுவதுபோல் தோன்றும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

புகை வெளியேறும் வால்வு கடுமையான சூட்டில் வேலை செய்கிறது. அந்தச் சூட்டின் பெரும்பகுதியை அது தன் இருக்கையின் வழியாகத்தான் சிலிண்டர் தலைக்குக் கடத்துகிறது. இருக்கையில் ஒழுங்காக உட்காராத வால்வால் சூட்டைக் கடத்த முடியாது. எரியும் வாயு, அந்த மெல்லிய சந்தின் வழியே பீறிட்டு வெளியேறும். நாளடைவில் வால்வின் விளிம்பு கருகிப் பிளந்துவிடும். பிறகு கம்ப்ரஷன் போய்விடும். தலையைக் கழற்றி, வால்வை மாற்றி, இருக்கையைத் தேய்த்துச் சரி செய்ய வேண்டும். சில நிமிட வேலையில் தவிர்த்திருக்க வேண்டியது, ஒரு வாரச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடைவெளி எப்போதும் கூடிக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். ராக்கரும் கேமும் தேய்ந்தால் கூடும் என்பது உண்மை. ஆனால் வால்வு தன் இருக்கையில் அடித்து அடித்து உள்ளே இறங்கும்போது தண்டு மேலே ஏறி, இடைவெளி குறையும். ஒரு சத்தமும் காட்டாமல் இது நடக்கும்.

ஆகவே, "அண்ணே, டெப்பெட் சத்தம் வருது, கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க" என்று கேட்பதில் எச்சரிக்கை தேவை. அளவு பார்க்காமல், காதை மட்டும் நம்பி, சத்தம் நிற்கும்வரை முறுக்கினால், அன்றைக்கு மோட்டார் இனிமையாக ஓடும். சில மாதங்களில் வால்வு கருகும். இலேசான டிக் டிக் சத்தம் இருப்பது குற்றமல்ல. சத்தம் அடியோடு காணாமல் போவதுதான் சந்தேகத்துக்குரியது.

அறிகுறிகள்

இறுக்கமான வால்வு சில அறிகுறிகளைக் காட்டும். காலையில் எளிதில் கிளம்பாது. கிளம்பி, நன்றாகச் சூடேறிய பிறகு, விளக்கில் நிற்கும்போது தடுமாறி அணையும். உதைக்கும்போது காலுக்கு எதிர்ப்பே தெரியாமல் 'வெறுமையாக' இறங்கும். இவை இருந்தால், கார்புரேட்டர் திருகைத் தொடுவதற்கு முன் வால்வைப் பாருங்கள்.

எல்லாச் சத்தமும் டெப்பெட் சத்தம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 'கடகட' என்று உருளும் சத்தம், தளர்ந்த கேம் சங்கிலியாக இருக்கலாம். எண்ணெய் குறைந்தாலும் மேற்பகுதி சத்தம் போடும். முதலில் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவை.

செய்முறை

ஒன்று: இயந்திரம் முழுமையாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் செய்வதே சிறந்தது. வேலையிலிருந்து வந்து அரை மணி நேரத்தில் செய்தால் அளவு தவறும்.

இரண்டு: தேவையான கருவிகளில் முக்கியமானது ஃபீலர் கேஜ். வெவ்வேறு தடிமன் கொண்ட மெல்லிய உலோகத் தகடுகளின் கொத்து அது. சாமான் கடைகளில் கிடைக்கும். 0.05 தகடு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காகிதத்தையோ சிகரெட் தாளையோ நம்ப வேண்டாம். காகிதம் நசுங்கும், உலோகத் தகடு நசுங்காது.

மூன்று: பிளக்கைக் கழற்றுங்கள். அப்போதுதான் கிராங்கைக் கையால் எளிதாகச் சுற்றலாம். சாவியை அணைத்து வையுங்கள். சிலிண்டர் தலையில் மேலே ஒன்று, கீழே ஒன்று என வட்ட மூடிகள் இருக்கும். காப்சாயின் சிலிண்டர் படுத்த நிலையில் இருப்பதால், கார்புரேட்டர் பக்கமுள்ள மேல்மூடி உள்வால்வுக்கும், புகைக்குழாய் பக்கமுள்ள கீழ்மூடி வெளிவால்வுக்கும் உரியவை. கீழ்மூடியைத் திறந்தால் கொஞ்சம் எண்ணெய் சொட்டும். கீழே ஒரு தட்டு வையுங்கள்.

நான்கு: இடப்பக்க மூடியில் உள்ள பார்வைத் துவாரத்தைத் திறந்தால் ஃப்ளைவீல் தெரியும். சில பழைய மோட்டார்களில் மூடியையே கழற்ற வேண்டியிருக்கும். ஃப்ளைவீலை அது ஓடும் திசையில், அதாவது இடப்பக்கம் நின்று பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். 'டி' என்ற எழுத்துக்குரிய கோடு, உடலில் உள்ள அடையாளத்துக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள்.

ஐந்து: இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிஸ்டன் இரண்டு சுற்றில் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒன்று அழுத்தத்தின் முடிவு. மற்றது புகை வெளியேற்றத்தின் முடிவு. நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் இலேசாக ஆடினால் சரியான இடம். ஃப்ளைவீலைக் கோட்டிலிருந்து இருபுறமும் கொஞ்சம் அசைக்கும்போது ராக்கர் நகர்ந்தால் அது தவறான உச்சி. இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி, மீண்டும் 'டி' கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். ராக்கர் ஆடவே இல்லை, ஆனால் நகரவும் இல்லை என்றால், இடைவெளி ஏற்கெனவே இல்லாமல் போயிருக்கலாம்.

ஆறு: டெப்பெட்டுக்கும் தண்டுக்கும் இடையே 0.05 தகட்டைச் செருகுங்கள். இலேசான பிடிப்போடு வழுக்கிப் போக வேண்டும். போகவே இல்லை என்றால் இறுக்கம். ஒரு பிடிப்பும் இல்லாமல் தடுமாறினால் தளர்வு.

ஏழு: சரி செய்ய, பூட்டு நட்டைத் தளர்த்தி, தகடு உள்ளே இருக்கும்போதே நடுத் திருகை மெல்லத் திருப்புங்கள். பிடிப்பு சரியானதும், திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகும் சேர்ந்து கொஞ்சம் திரும்பும். எனவே இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்காமல் விட்டால் வேலை முடிந்ததாகாது. அதிக பலம் போட்டு நட்டை முறுக்கவும் வேண்டாம். சிறிய மரை அது, எளிதில் அறுந்துவிடும்.

எட்டு: கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, 'டி' கோட்டுக்கு வந்து இன்னொரு முறை அளந்துவிட்டு மூடுங்கள். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கசியும்.

ஒரு நாளைக்குப் போக வர 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், மாதத்திற்கு 780 கிலோமீட்டர். ஐந்து மாதத்தில் 4,000 கிலோமீட்டரை நெருங்கிவிடும். அந்த அளவில் ஒருமுறை வால்வைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

டைமிங் என்பது என்ன?

பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பிளக் பொறி தட்டினால் போதாதா? போதாது. கலவை ஒரே நொடியில் வெடிப்பதில்லை. தீ பிளக்கிலிருந்து பரவ நேரம் எடுக்கிறது. அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே பொறி விழ வேண்டும். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு உலை வைத்தால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான்.

எவ்வளவு முன்னால் என்பது வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்திற்கு 6,000 சுற்றில், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிராங்க் 36 பாகை சுற்றிவிடுகிறது. நின்ற நிலையில் 1,400 சுற்றில் ஓடும்போது, அதே நேரத்தில் 8 பாகை மட்டுமே சுற்றும். எனவே வேகம் கூடக் கூட, பொறியும் முந்திப் போக வேண்டும்.

பொறி அளவுக்கு மீறி முந்தினால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளும். உதைக்கும்போது கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். மேட்டில் ஏறும்போது 'கிணிகிணி' என்று உலோகச் சத்தம் கேட்கும். இயந்திரம் கொதிக்கும். நாளடைவில் பிஸ்டன் ஓட்டையாகலாம். பொறி பிந்தினால், இழுவை இருக்காது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சுடும்.

போயிண்ட் உள்ள பழைய மோட்டார்

சி70 போன்ற பழைய மோட்டார்களில் பொறியின் நேரத்தைத் தீர்மானிப்பது ஃப்ளைவீலுக்குள் இருக்கும் போயிண்ட். அது திறக்கும் கணத்தில்தான் பொறி விழும். ஃப்ளைவீலில் 'டி' கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் 'எஃப்' என்ற கோடு இருக்கும். 'எஃப்' கோடு அடையாளத்துக்கு நேராக வரும் அதே கணத்தில் போயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். மல்டிமீட்டரையோ சிறிய சோதனை விளக்கையோ வைத்து இந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

போயிண்ட் முகங்கள் கருகி, குழி விழுந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள் அல்லது தேய்த்துச் சமப்படுத்துங்கள். முழுமையாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளியைக் கூட்டினால் போயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறி முந்தும். குறைத்தால் பிந்தும். இந்த ஒரு விதி நினைவில் இருந்தால் போதும். புதிய போயிண்ட் சில வாரங்களிலேயே மீண்டும் கருகினால், கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

சி.டி.ஐ. மோட்டாரில் 'டைமிங் செட்டிங்' கிடையாது

இஎக்ஸ்5 மோட்டாரில் போயிண்ட் இல்லை. ஃப்ளைவீலில் உள்ள ஒரு மேடு, சிறிய காயிலைக் கடந்து போகும்போது எழும் மின்துடிப்பைக் கொண்டு, சி.டி.ஐ. பெட்டியே பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. திருகிச் சரி செய்யவும் எதுவும் இல்லை. டைமிங் லைட் என்ற விளக்கை வைத்து, நின்ற நிலையில் 'எஃப்' கோடு சரியான இடத்தில் தெரிகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

தவறாகத் தெரிந்தால் காரணங்கள் சில மட்டுமே: ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் சிறிய சாவிக்கட்டை நசுங்கியிருக்கலாம், வேறு மாடலின் ஃப்ளைவீலோ சி.டி.ஐ. பெட்டியோ மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது பெட்டி பழுதாகியிருக்கலாம். ஆகவே இத்தகைய மோட்டாருக்கு 'டைமிங் செட்டிங்' என்று தனியாகக் கூலி கேட்டால், என்ன செய்தீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். கேம் சங்கிலி மாற்றும்போது பல்சக்கர அடையாளத்தைப் பொருத்துவதையும் 'டைமிங்' என்றுதான் சொல்வார்கள். அது வால்வு திறக்கும் நேரம், பொறியின் நேரமல்ல. அது உண்மையான வேலை, அதற்குக் கூலி நியாயமே.

தண்ணீர் பம்பும் புல் வெட்டும் இயந்திரமும்

காய்கறித் தோட்டத்திலும் கோயில் வளாகத்திலும் ஓடும் தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர் பலவற்றில் ஹோண்டா ஜிஎக்ஸ்160 அல்லது அதைப் பார்த்துச் செய்த இயந்திரம் இருக்கும். அசல் ஜிஎக்ஸ்160-க்கு உள்வால்வு 0.15, வெளிவால்வு 0.20 மில்லிமீட்டர், குளிர்ந்த நிலையில். காப்சாய் அளவை இதற்கும், இதன் அளவைக் காப்சாய்க்கும் வைக்கக் கூடாது. எளிதில் இழுத்துக் கிளப்புவதற்காக இதன் கேமில் வெளிவால்வைச் சற்றே தூக்கும் அமைப்பு உண்டு. எனவே பிஸ்டன் சரியாக உச்சியில் இருக்கும்போது அளக்காவிட்டால் அளவு ஏமாற்றும். பொறியின் நேரம் இதில் நிலையானது. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும்.

தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரங்களில் பல, இரண்டு வீச்சு வகை. எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடுபவை. அவற்றில் இப்படிப்பட்ட வால்வே கிடையாது. அதற்கு டெப்பெட் சரி செய்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இழுவை குறைந்தால் காற்று வடிகட்டியையும், புகைக்குழாயில் படிந்த கரியையும் பாருங்கள்.

வரிசை முக்கியம்

முதலில் எண்ணெய், அடுத்து வால்வு, அதன் பிறகு போயிண்ட் இருந்தால் போயிண்ட், பிறகு பிளக், கடைசியாகத்தான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றக் கூடாது. வால்வு இறுகியிருக்கும்போது கார்புரேட்டர் திருகைக் கூட்டி வைத்தால், மோட்டார் அணையாமல் நிற்கும். ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு புண்ணை மறைப்பது போன்றது அது. வேலை முடிந்து இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்கும்போது, வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ வேண்டாம். புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

கைவேலைக்கும் சான்றிதழ்

இவ்வளவையும் பள்ளிக்கூடம் போகாமலேயே பட்டறையில் நின்று கற்றவர்கள் நம்மிடையே ஏராளம். கையில் வேலை இருந்தும் தாளில் எதுவும் இல்லை என்ற காரணத்தால் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்கள் அவர்கள். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, இத்தகையவர்களுக்கு 'பெங்ஙிக்திராஃபான் பென்சாபாயான் தெர்டாஹூலு' என்ற வழியை வைத்திருக்கிறது. வகுப்புக்குப் போகாமலேயே, செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறினால் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் பெறலாம். செய்யும் வேலைகளைப் படம் எடுத்து, நாள் குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பெரிதும் உதவும்.

வீட்டில் பதினேழு வயதுப் பையனோ பெண்ணோ இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டார் சூடேறும் முன், ஒரு ஃபீலர் கேஜைக் கையில் கொடுத்து வால்வைத் திறந்து காட்டுங்கள். 0.05 தகடு இலேசாகப் பிடித்து வழுக்கும் அந்த உணர்வைக் கை ஒருமுறை அறிந்துகொண்டால் மறக்காது. திங்கட்கிழமை காலை, சிவப்பு விளக்கில், பின்னால் லாரி நிற்கும்போது மோட்டார் அணையாமல் நிற்பது அந்த ஒரு தகட்டின் பலனாக இருக்கலாம்.